மட்டை கிழிந்த அமெரிக்கப் புத்தகங்கள்

அமெரிக்காவில் விற்காமல் போன கதைப் புத்தகங்கள் கடைசியில் எங்கே போய்ச் சேரும்? யாரைக் கேட்டாலும் கையை விரிப்பார்கள். திருவனந்தபுரம் ஆரியசாலையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். வன்னியராஜ் அண்ணாச்சியின் பழைய பேப்பர் மொத்தக்கடைக்கு வரும். கப்பலில் கொச்சிக்கு வந்து, அங்கிருந்து லாரியில் கட்டுக் கட்டாக இறங்கும். பத்திரிகைகள், டெலிபோன் டைரக்டரிகள், அவற்றுக்கு நடுவே குட்டை குட்டையாகக் கதைப் புத்தகங்கள். புத்தகமாக வந்தால் ஒரு சட்டம், கழிவுக் காகிதமாக வந்தால் வேறு சட்டம் என்பதால் மட்டையையும் முதல் ஏழெட்டுப் பக்கத்தையும் கிழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். பெயர் கிடையாது, எழுதினவன் கிடையாது, என்ன மாதிரிப் புத்தகம் என்று சொல்ல ஒரு படம்கூடக் கிடையாது. சாலைத்தெருப் பலசரக்குக் கடைகளுக்கு அதெல்லாம் எதற்கு? தாள் கெட்டியாக இருக்கிறதா, நூறு கிராம் சீரகம் மடித்தால் தாங்குமா, அவ்வளவுதான்.

வன்னியராஜுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. விருதுநகர்ப் பக்கத்துக்காரர். நாகர்கோவிலில் தங்கி இண்டர்மீடியட்டை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டைவிட்டவர். கணக்கு காலை வாரியது. இங்கிலீஷ் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டு என்ன பிரயோஜனம்? லாரிச் சீட்டில் ஊர்ப்பெயர் வாசித்ததைத் தவிர அதை வைத்து அவர் ஒன்றும் செய்ததில்லை. காலடியில் மலை மாதிரிப் புத்தகம் குவிந்து கிடந்தும் இருபது வருஷமாக ஒரு பக்கம் புரட்டியதில்லை. அறுபத்தொன்பதாம் வருஷம் தம்பி சொரிமுத்து கொலையான பிறகுதான் புரட்ட ஆரம்பித்தார்.

அதுவும் கொலைப் புத்தகமாகப் பார்த்து. சொந்த வீட்டில் கொலை விழுந்தவன் ஊரான் வீட்டுக் கொலையைத் தேடிப் பிடித்துப் படிப்பானா என்று கேட்பீர்கள். படித்தாரே! மத்தியானம் இரண்டு மணிக்குத் தெரு அடங்கியதும் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு படிப்பார். ஒருத்தன் பெண்டாட்டியை வெட்டினான், இன்னொருத்தன் கூட்டாளியைச் சுட்டான், போலீஸ் பிடித்தது, நாற்காலியில் உட்கார வைத்துக் கரண்டைப் பாய்ச்சினார்கள். முடித்துவிட்டு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போவார். நெஞ்சில் ஒன்றும் தைக்காது. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் படித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. மட்டை இல்லாத புத்தகத்தில் நிஜமாக நடந்த கொலை எது, எவனோ மேஜையில் உட்கார்ந்து கட்டிவிட்ட கொலை எது? அண்ணாச்சிக்குக் கட்டுக்கதை என்றால் இளப்பம். ஆகவே தானே ஒரு விதி வைத்துக்கொண்டார். தேதி இருக்க வேண்டும், ஊர்ப்பெயர் இருக்க வேண்டும், செத்தவன் சட்டைப்பையில் என்னென்ன இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும், அப்படியானால் நடந்தது. மழை பெய்தது, மனசு கனத்தது, ஜன்னல் வழியே பார்த்தபடி நின்றான் என்று வந்தால் கட்டியது. நடந்தவை கல்லாவுக்கு வலது பக்கத் தட்டில் ஏறும். கட்டியவை மறுபடி கட்டுக்குள் போய்ப் பலசரக்குக் கடையில் மல்லியும் மிளகும் மடிக்கப்படும். அந்த நாட்டின் பெரிய பெரிய நாவலாசிரியர்கள் எத்தனை பேர் அந்த இரண்டு வருஷத்தில் சாலைத்தெருவில் கடலைப்பருப்பு சுமந்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வீட்டிலும் அவர் அப்படித்தான் இருந்தார். மனைவி ஆவுடைத்தாய் குழம்புக்கு உப்புப் போட மறந்தாலும் சாப்பிட்டுக் கையலம்பிவிடுவார். ஒருமுறை உள்ளங்காலில் ஆணி ஏறி, மூன்று நாள் கழித்துத் தரையில் ரத்தக் கறையைப் பார்த்து அவள்தான் சொன்னாள்.

"என்னங்க இது, உங்களுக்கு உறைக்கலையா?" என்றாள்.

"இல்லையே" என்றார். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே உறைக்கவில்லை.

சொரிமுத்து செத்த கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அண்ணனைவிடப் பதினாறு வயது இளையவன். பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளையாக வளர்ந்தவன். ஐப்பசி மழையில் ஒருநாள் லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது சுமட்டுக்காரன் வேலாயுதன் தலையிலிருந்து ஒரு கட்டு நழுவி ஓடைத் தண்ணீரில் விழுந்துவிட்டது. சொரிமுத்து ஆத்திரத்தில் பத்துப் பேர் பார்க்க அவனைக் கன்னத்தில் அறைந்தான். பத்து வருஷமாக அந்தக் கடையில் சுமை தூக்குகிறவன் வேலாயுதன். கையில் கட்டைக் குத்தித் தூக்குகிற இரும்புக் கொக்கி இருந்தது. வீசிவிட்டான். ஒரே வீச்சு, விலாவில் இறங்கிவிட்டது.

இதை வேலாயுதன் எந்த இடத்திலும் மறுக்கவில்லை. அடுத்து அவன் செய்ததில்தான் வழக்கே இருந்தது. சொரிமுத்துவைத் தூக்கிக் கைவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு ஓடினான். எந்தப் பக்கம் ஓடினான்? சாலைத்தெருவில் ஒரு கோடியில் கிழக்கேகோட்டை. அதைத் தாண்டிப் போனால் பெரிய ஆசுபத்திரி. மறு கோடியில் கிள்ளிப்பாலம், அங்கே ஆறு. கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் சேற்றில் இறங்கி வண்டி நின்றது. கூட்டம் சேர்ந்து வேலாயுதனைப் போட்டு அடித்ததில் வண்டி கடை வாசல் வரை இழுபட்டுத் திரும்பிச் சாய்ந்தது. சொரிமுத்து அங்கேயே முடிந்துபோனான். போலீஸ் வந்தபோது வண்டி எந்தத் திசையையும் காட்டவில்லை. தெருவைக் கேட்டால் ஒருத்தரும் ஒன்றும் பார்க்கவில்லை என்றார்கள். பார்த்தேன் என்று சொன்னவர் ஒருத்தர்தான், செத்தவனின் அண்ணன்.

பார்த்தது உண்மை. அன்றைக்கு வன்னியராஜ் பாங்குக்குப் போய்விட்டுக் கிழக்கேகோட்டைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். வண்டி அவருக்கு எதிரே வந்தது. வேலாயுதன் கதறியதும் காதில் விழுந்தது. "அண்ணாச்சி, ஆளுகள வழி விட்டு மாறச் சொல்லுங்கோ! ஆசுபத்திரி! ஆசுபத்திரி!"

கோர்ட்டுக் கூண்டில் ஏறி நின்று அவர் சொன்னது இது: "நான் கிள்ளிப்பாலத்துப் பக்கம் இருந்து வந்தேன். வண்டி எனக்கு எதிரே வந்தது." ஒரே ஒரு ஊர்ப்பெயரைத்தான் மாற்றினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. மீதியைக் கேட்டவர்களே கூட்டிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தவனை ஆற்றில் தள்ளக் கொண்டு போயிருக்கிறான், மகாபாதகன்! ஆத்திரத்தில் வீசிய ஒரு வீச்சுக்கு ஆயுள்தண்டனை கிடைத்திருக்கும். ஆற்றுக்கு வண்டி தள்ளியவனுக்குத் தூக்கு கிடைத்தது. ஹைக்கோர்ட்டும் சரி என்றது. கூண்டிலிருந்து இறங்கும்போது வன்னியராஜுக்குக் கால் இரண்டும் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. அன்றைக்கு மரத்ததுதான்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஜூலையில் பூஜப்புரை ஜெயிலில் தேதி குறித்துவிட்டார்கள். ஆகஸ்ட் ஒன்பது.

வேலாயுதனின் பெண்டாட்டி அம்மிணி பக்கத்துத் தெரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு வந்து கடை வாசலில் நிற்பாள். கையில் மெழுகுத்துணியில் சுற்றிய ஒரு காகிதம். டெல்லிக்கு அனுப்பப் போகிற கருணை மனு.

"அண்ணாச்சி, ஒரு ஒப்பு" என்பாள். கையெழுத்துக்கு அவள் சொல்கிற வார்த்தை அது. "மரிச்சவரோட சொந்த அண்ணன் ஒப்பு போட்டா டெல்லியில கேக்கும்னு வக்கீல் பறஞ்சாரு. அவரு செய்தது பாவம்தான். ஆத்தில எறியக் கொண்டு போனது அதைவிடப் பாவம். ஞான் அதுக்கு நியாயம் பறய வரல்ல. பிள்ளைக ரெண்டு உண்டு, அதுக்குத்தான்."

"பார்ப்போம். அடுத்த சனி வா" என்பார் வன்னியராஜ். அவள்மேல் கோபம் கிடையாது. இரக்கமும் கிடையாது. மழைக்கு ஒதுங்கி நிற்கிறவர்களைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் போனதும் வலது தட்டிலிருந்து ஒரு குறிப்பிட்ட புத்தகத்தை எடுப்பார்.

அது ஒரு நாவிதனின் கதை. ஏதோ ஒரு சின்ன ஊர். தானியக் கிடங்குக்காரன் ஒருவனைக் கொன்றுவிட்டார்கள். கூலியாள் ஒருவன் குழாயடியில் கை கழுவியதைப் பார்த்தேன் என்று நாவிதன் பைபிளில் கை வைத்துச் சொல்கிறான். பார்க்கவில்லை, அவனைப் பிடிக்காது, அதனால் சொன்னான். கூலியாளைத் தொங்கவிட்டுவிடுகிறார்கள். அப்புறம் நாவிதனுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. எண்பத்தொரு வயது வரை இருந்தான். ரோஜாச் செடி வளர்த்தான், ஞாயிற்றுக்கிழமை மீன் பிடித்தான், நாலு பேரப்பிள்ளைகளைக் கண்டான், தூக்கத்தில் செத்துப்போனான். தேதி இருந்தது, ஊர்ப்பெயர் இருந்தது, செத்தவன் பையில் இருந்த பேனாக்கத்தியும் மூக்குப்பொடி டப்பியும் இருந்தன. ஆகவே நடந்தது. வன்னியராஜ் அதை நாலு தடவை படித்திருந்தார். ஆகஸ்ட் ஒன்பது வரும், போகும், பத்தாம் தேதி வழக்கம்போல லாரி வரும் என்று அந்தப் புத்தகம் அவருக்கு உறுதி சொல்லிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் யோசுவா சார் வருவார். காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், பாறசாலைக்காரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டுகளுக்குள் தலையை விட்டு நாலைந்து புத்தகம் பொறுக்கிப் போவார். ஜூலை மாதக் கடைசிச் செவ்வாய் அவர் கண் வலது தட்டில் விழுந்தது. நாவிதன் புத்தகத்தை எடுத்து நடுவில் புரட்டினார்.

"வேய் அண்ணாச்சி! இந்த நாவலு உம்ம கையில எப்படிச் சிக்கிச்சு?"

"அது நாவல் இல்ல சார். நடந்த கேஸு."

யோசுவா சார் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆருவேய் சொன்னா? நான் மெட்ராஸ்ல படிக்கும்ப இதையே மட்டையோட வாசிச்சிருக்கேன். நாவல்னு கொட்ட எழுத்தில போட்டிருந்தான். அந்த ஊரு பூமியிலயே கெடையாது."

"தேதி போட்டிருக்கானே?"

"தேதி போட என்ன செலவு?"

"சட்டைப்பையில என்னென்ன இருந்துச்சுன்னு..."

"அதுதான் அவனுக்க தொழிலே! பைக்குள்ள ஒரு பொடி டப்பிய வச்சுட்டான்னா நீரு மிச்சத்தையும் நம்பிருவீரு. பொய்யச் சொல்லுகதுக்கு அதுதாம்வேய் வழி. பெருசா ஒண்ணும் மாத்தப்பிடாது. சின்னதா ஒண்ணு. மத்ததெல்லாம் கேக்குறவனே செஞ்சுக்கிடுவான்."

வன்னியராஜ் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டார். சார் சாதாரணமாகத்தான் சொன்னார், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணாச்சிக்கு உள்ளங்கை வியர்த்தது.

"சார், இன்னொரு புத்தகம் வந்துச்சு. ஒரு ரயில்வே ஸ்டேஷன் கிளார்க். அவனும் சாட்சிதான். டிக்கெட் வாங்க வந்தவன் இவன்தான்னு பொய்யா ஆளைக் காட்டிருவான். அவனே நான் நான்னு எழுதுற மாதிரி இருக்கும். ஒரே மழையும் மனசுமா இருந்துச்சு. கட்டுக்கதைன்னு பாதியிலே எடைக்குப் போட்டுட்டேன்."

"அட மனுசா!" யோசுவா சார் தலையில் கை வைத்தார். "அதுல்லா நடந்தது! அந்தக் கிளார்க்கு சொந்தக் கையால எழுதினது. அங்க உள்ள பேப்பரெல்லாம் எழுதிக் கிழிச்சானுவ."

"கடைசியில அவனுக்கு என்ன ஆச்சு?"

"என்னத்த ஆவும்? அந்த ஆளைத் தொங்கவிட்டாச்சு. அதுக்குப் பெறவு இவனுக்குத் தாங்கல. போலீசுகிட்டப் போறான், ஜட்ஜு வீட்டுக்குப் போறான், நான் பொய் சொன்னேன், என்னப் பிடிச்சு உள்ள போடுங்கன்னு. கேஸு முடிஞ்சாச்சு, வீட்டுக்குப் போன்னுட்டாங்க. பதினொரு வருசம் வேய், பதினொரு வருசம் ஒவ்வொரு வாசலா ஏறி எறங்குறான். கேக்கதுக்கு ஆளில்ல. ஆளு உயிரோட இருந்தப்ப சொல்லியிருந்தா அந்தச் சொல்லுக்கு வெல. செத்த பொறவு சொன்னா அது வெறும் வர்த்தமானம், வாய்ப்பேச்சு."

சார் நாலு புத்தகத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார். நாவிதன் புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வன்னியராஜ் தடுக்கவில்லை.

அவர் போனதும் கடையை அப்படியே போட்டுவிட்டு வன்னியராஜ் பிச்சைக்கனியின் பலசரக்குக் கடைக்கு ஓடினார். பிச்சைக்கனி சிரித்தான். "வித்த பேப்பரைத் திரும்பிக் கேட்டு வந்த யாவாரியை இன்னைக்குத்தான் பாக்கேன். அதெல்லாம் மஞ்சப்பொடியாவும் கடுகாவும் வீட்டுக்கு வீடு போயிட்டுதே அண்ணாச்சி!" இருந்தாலும் மனசு கேட்காமல் தாள் சொருகியிருந்த கம்பியைத் துழாவிப் பார்த்தான். அந்தக் கிளார்க் புத்தகத்தில் ஒரே ஒரு தாள் மிச்சமிருந்தது, மஞ்சள் கறையோடு. வன்னியராஜ் அங்கேயே நின்று விரலை ஓட்டினார். 'மழை பெய்துகொண்டிருந்தது. சாட்சி சொல்லிவிட்டு வந்து ஜன்னல் வழியே பார்த்தபடி நின்றேன். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. எதுவுமே தோன்றாதது எனக்கு நிம்மதியாக இருந்தது.'

இந்த வரிக்காகத்தான் அவர் அதைக் கட்டுக்கதை என்று தூக்கிப் போட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஆவுடைத்தாய் காபி கொண்டுவந்து வைத்தபோது அதைத் தொடாமல் சொன்னார். "அன்னைக்கு நான் கிள்ளிப்பாலத்துப் பக்கம் இருந்து வரல."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "தெரியும்" என்றாள். "நீங்க பாங்குக்குப் போன ஆளு. பாங்கு அந்தப் பக்கமா இருக்கு?"

"பின்ன ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"ஏன் கேக்கணும்? எனக்கும் அவன் சாவணும்னுதான் இருந்துச்சு. நான் சோறு ஊட்டி வளத்த பிள்ளை. குத்துனவன் ஆசுபத்திரிக்கு ஓடினா என்ன, ஆத்துக்கு ஓடினா என்னன்னு இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்கு. அந்தப் பொம்பளை சனிக்கிழமை தோறும் வந்து நிக்கிறாளே, அதுதான் தாங்கல. நீங்க செய்யுறதைச் செய்யுங்க. எங்கிட்டக் கேக்காதீங்க."

சனிக்கிழமை அம்மிணி வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மெழுகுத்துணியைப் பிரித்து, இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தாள்.

"உக்காரு" என்றார் வன்னியராஜ். அவள் உட்காரவில்லை. "கையெழுத்துப் போடுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். உன் வீட்டுக்காரன் வண்டியை ஆத்துக்குத் தள்ளல. ஆசுபத்திரிக்குத்தான் தள்ளினான். நான் நேருக்கு நேரே பாத்தேன். அவன் கத்துனதும் கேட்டுது. கோர்ட்டுல நான் சொன்னது பொய்."

அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து அவர் நின்றார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. கட்டுகளைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"அவரு பறஞ்சாரு. ஓரோ மாசமும் கம்பிக்கு அங்கிட்டு நின்னு பறஞ்சாரு, அம்மிணி, ஞான் ஆசுபத்திரிக்குத்தான் கொண்டு போனேன்னு. ஞான் நம்பல. அண்ணாச்சியைப் போல ஒரு ஆளு எதுக்குக் கள்ளம் பறயணும்னு ஞான் அவர்ட்டயே கேட்டேன். நீ மனுஷனான்னு கேட்டேன். பிள்ளைகளக் கொண்டு போயிக் காட்டல. ஒன்னர வருஷமாக் காட்டல."

திடீரென்று திரும்பினாள். மழையில் இறங்கிக் கிழக்கேகோட்டை பஸ்ஸ்டாண்டைப் பார்த்து ஓடினாள். மனு கட்டின்மேல் கிடந்தது. வன்னியராஜ் அதில் கையெழுத்துப் போட்டு, மெழுகுத்துணியில் சுற்றித் தானே வக்கீலிடம் கொண்டு போனார்.

வக்கீல் நேசையன் முதலில் நம்பவில்லை. நம்பியதும் கதவைச் சாத்தினார். "அண்ணாச்சி, இதை எழுத்தில கொடுத்தா உங்களைப் பொய்ச் சாட்சிக்கு உள்ளே வைக்கலாம். தெரியுமா?" தெரியும் என்றார். திங்கட்கிழமை மாஜிஸ்டிரேட் முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார். டெல்லிக்குத் தந்தி போயிற்று. வெள்ளிக்கிழமை ஜெயிலுக்கு உத்தரவு வந்தது. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. கேஸை மறுபடி பார்க்கப் போகிறார்கள். தூக்கு இல்லை என்று வக்கீல் உறுதியாகச் சொல்லிவிட்டார். இவருக்கு எத்தனை மாச ஜெயில் என்பதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை.

தெரு சும்மா இருக்குமா? சொந்தத் தம்பியைக் கொன்றவனுக்காகக் கோர்ட்டு ஏறினான் என்று வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் ஆளைத் தூக்குமேடை வரை கொண்டு போனவன் என்று சுமட்டுக்காரர்கள் அவர் சரக்கைத் தொட மறுத்தார்கள். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்களே, அவருக்கு ஒன்றும் இறங்கவில்லை. அன்றைக்குக் கூண்டிலிருந்து இறங்கியபோது எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார். கடையில் லாரி இல்லை, வாடிக்கை இல்லை. புத்தகமும் படிக்கவில்லை. வலது தட்டில் இருந்ததையெல்லாம் எடைக்குப் போட்டாயிற்று.

மறு சனிக்கிழமை மூன்று மணிக்கு அம்மிணி வந்து நின்றாள்.

"இன்னும் எங்கயாவது ஒப்பு போடணுமா?" என்று கேட்டார்.

"ஒப்பு வேண்டா." இந்தத் தடவை அவளாகவே ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தாள். "பிள்ளைகளக் கொண்டு போய்க் காட்டினேன். அண்ணாச்சி எழுதிக் கொடுத்ததையும் பறஞ்சேன். பின்ன ஒரு காரியம் பறஞ்சாரு. அண்ணாச்சிட்டச் சொல்லணும்னாரு."

"சொல்லு."

"வண்டியில கிடக்கும்போ தம்பிக்கு நல்ல ஓர்மை இருந்துச்சாம். இவரோட கையப் பிடிச்சிட்டே கிடந்தாராம். வேதனை எடுக்குன்னு பறயலயாம். குடிக்க வெள்ளம் கேக்கலயாம். ஒரே காரியத்தத்தான் பறஞ்சிட்டே வந்தாராம்." அவள் தமிழை யோசித்து யோசித்துக் கூட்டினாள், ஒரு சொல்லும் பிசகக் கூடாது என்பதுபோல. "வேலாயுதா, நான் உன்னக் கன்னத்தில அடிச்சத அண்ணன்ட்டச் சொல்லிராத. ஏசுவான். அப்படின்னாராம். எதிர்ல அண்ணாச்சி வர்றதத் தம்பிதான் முதல்ல கண்டாராம். அந்தா வாரான், சொல்லிராத, சொல்லிராதன்னு பறஞ்சு கண்ண மூடிக்கிட்டாராம்."

வன்னியராஜ் ஒரு கட்டின் பக்கம் வந்தார். "இதை ஏன் கோர்ட்டுல சொல்லல அவன்?"

"அண்ணாச்சி பறஞ்சதுக்கு மேல அவரு பறஞ்சா ஆரு நம்பும்? ஞானே நம்பலயே."

அவர் ஏதோ பதில் சொல்லப் போகிறவர்போல வாயைத் திறந்தார். வந்த சத்தத்தில் எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். பிச்சைக்கனி தராசைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். காகிதக் கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதில் ஆள் படுத்திருப்பதுபோல அதைப் பார்த்தே அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏசத்தானல செஞ்சிருப்பேன்? ஏசியிருப்பேன். வேற என்னல செஞ்சிருவேன் ஒன்ன?"